வரைகலை அட்டையை மாற்றும் காலம்

ஒரு கருவி பழையதாதல் வேறு, போதாததாதல் வேறு. முன்னது நாட்காட்டியால் அறியப்படுவது; பின்னது பயன்பாட்டினால் அறியப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே கணினி விளையாட்டில் ஈடுபாடுடையோர் பலர் தேவை எழுமுன்னரே பெரும் பணத்தைச் செலவிட்டுப் பின்னர் வருந்துகின்றனர். விளையாட்டுக் கணினியின் உறுப்புக்களுள் பெரும்பாலும் விலை மிக்கது, கிராபிக்ஸ் கார்ட் என உலக வழக்கில் அழைக்கப்படும் வரைகலை அட்டையாகும். அதனை மாற்றுதற்குரிய காலத்தைத் துணியும் நெறி யாது என்பது ஆராயத்தக்கது.

அவ்வட்டையின் தொழில் முதற்கண் அறியற்பாலது. விளையாட்டில் நிகழ்வனவற்றைக் கணித்து, இன்ன பொருள் இன்ன இடத்தில் உளது எனப் பணிப்பது மத்திய செயலி. அப்பணிப்பை ஏற்று, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் உரிய நிறத்தைக் கணித்துப் படத்தை ஆக்குவது வரைகலை அட்டை. செக்கனுக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமெனின், ஒரு படத்தை ஆக்குதற்குக் கிடைக்குங் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். 144 படங்கள் வேண்டுமெனின், அது 6.9 மில்லிசெக்கனாகக் குறுகும். திரையின் நுண்மையும் இச்சுமையைப் பெருக்குவதாகும். 1920×1080 அளவுடைய திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள் உள; 2560×1440 அளவில் அவை 37 இலட்சம்; 3840×2160 அளவிலோ 83 இலட்சம். ஆகவே ஓர் அட்டை ஒருவர்க்குப் போதியதாயும், பெரிய திரையுடைய பிறரொருவர்க்குப் போதாததாயும் இருத்தல் இயல்பே. 'இவ்வட்டை நல்லதா?' என்னும் வினாவிலும் 'எந்தத் திரைக்கு, எந்த விளையாட்டுக்கு?' என்னும் வினாவே பொருளுடையது.

விளையாட்டுத் தடைப்பட்டு ஓடுமாயின், குற்றம் அட்டையினதே என உடனே துணிதல் கூடாது. அதனை அறிதற்கு எளியதொரு சோதனை உண்டு. விளையாட்டின் திரை நுண்மையைக் குறைத்து மீண்டும் ஓட்டுக. படங்களின் தொகை கணிசமாக உயருமாயின், சுமை அட்டையின்மேலது. உயராதாயின், மத்திய செயலியே பின்தங்குகின்றது எனக் கொள்ளலாம். இரண்டாம் நிலையில் எத்துணை விலையுயர்ந்த அட்டையை வாங்கினும் பயன் சிறிதே. அட்டையின் உழைப்பைக் காட்டும் மென்பொருள்களும் உள. விளையாடும்பொழுது அவ்வளவு நூற்றுக்கு 97 வீதத்துக்கு மேல் நிற்குமாயின், அட்டை தன் எல்லையை எட்டிவிட்டது என்பது பொருள். இன்னும், காற்றாடியில் தூசி அடைந்து வெப்பம் மிகுந்தால், அட்டை தன்னைக் காத்தற்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு தூரிகையினால் தீரும் நோய்க்குப் புதிய அட்டை மருந்தாகாது.

பழமைக்கும் போதாமைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் அட்டையின் வரலாற்றைக்கொண்டு விளக்கலாம். என்விடியா நிறுவனத்தின் ஜீ.ரீ.எக்ஸ். 1060 என்னும் அட்டை 2016 ஆம் ஆண்டு யூலை மாதம் வெளிவந்தது. அதன் நினைவகம் 6 ஜிகாபைற். மின்நுகர்வு 120 வாற்று. தொடக்க விலை 249 அமெரிக்க டொலர். 2018 செப்டெம்பரில் அந்நிறுவனமே ஆர்.ரீ.எக்ஸ். 20 என்னும் புதிய வரிசையை வெளியிட்டது. ஒளிக்கதிர்களின் செலவைப் பின்தொடர்ந்து நிழலையும் பிரதிபலிப்பையும் கணிக்கும் 'ரே றேசிங்' முறைக்கெனத் தனி உறுப்புக்கள் அதன்கண் அமைக்கப்பட்டிருந்தன. எனினும் அம்முறையைப் பயன்படுத்திய விளையாட்டுக்கள் அக்காலத்தில் மிகச் சிலவே. பயன்படுத்தியவையும் அஃதின்றி ஓடத்தக்கனவாகவே இருந்தன. ஆதலின் 1060 அட்டையை உடையார் பழைய அட்டையை உடையாராயினரேயன்றி, குறையுடையார் ஆயினரல்லர்.

உண்மையான எல்லை பின்னரே வந்தது. 2023 ஒக்டோபரில் வெளிவந்த 'அலன் வேக் 2' என்னும் விளையாட்டு, அவ்வட்டையில் இல்லாத ஒரு திறனை எதிர்பார்த்து ஆக்கப்பட்டமையால், முதலில் அதில் மிகத் தளர்ந்தே ஓடியது. 2024 டிசெம்பரில் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த கிரேட் சேர்க்கிள்' என்னும் விளையாட்டோ ரே றேசிங் உறுப்பைக் கட்டாயத் தேவையாகவே விதித்தது. 2025 ஒக்டோபரோடு அத்தலைமுறை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுக்களுக்கென இயக்கி மென்பொருளைச் செம்மைசெய்து வழங்கும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. பாதுகாப்புக்குரிய திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வருமென அறிவிக்கப்பட்டது. ஆகவே அவ்வட்டைக்குப் போதாமை வந்தது புதிய வரிசை பிறந்த 2018 இல் அன்று. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரேயாம். அதுவும் மேற்கூறிய புதிய விளையாட்டுக்களை விரும்புவோர்க்கே. 'வலரன்ற்' போன்ற இலகுவான போட்டி விளையாட்டொன்றையே நாடோறும் ஆடுவார்க்கு அக்குறை இன்னும் தோன்றவில்லை எனலாம்.

வேகம் மட்டுமன்றி நினைவகத்தின் அளவும் நோக்கற்பாலது. காட்சிக்குரிய மேற்பரப்புப் படங்கள் அட்டையின் நினைவகத்தில் தங்குவன. அது நிரம்பியதும் அவை கணினியின் பொது நினைவகத்துக்கும் அட்டைக்கும் இடையே அலையத் தொடங்கும். அதனால் ஓட்டம் இடையிடையே திடீரென நின்று நின்று செல்லும். ஆர்.ரீ.எக்ஸ். 2080 ரிஐ என்னும் அட்டை 2018 இல் 999 டொலர் தொடக்க விலையுடன், 11 ஜிகாபைற் நினைவகத்தோடு வந்தது. 2020 இல் வேகத்தால் அதற்கு ஏறத்தாழ நிகரான ஆர்.ரீ.எக்ஸ். 3070, 499 டொலருக்கு அறிவிக்கப்பட்டது. ஆயின் அதன் நினைவகம் 8 ஜிகாபைற் மாத்திரமே. 2023 இல் வெளிவந்த சில விளையாட்டுக்கள் உயர்ந்த அமைப்பில் அவ்வளவை நிரப்பிவிட்டன. இத்தகைய தடை, மேற்பரப்புப் படங்களின் தரத்தை ஒரு படி தாழ்த்துவதனாலேயே பெரும்பாலும் நீங்கும். நீங்காவிடத்தும், தாழ்த்திய தரத்தைக் கண் பொறாவிடத்துமே மாற்றம் கருதப்படலாம்.

மேற்கூறிய இரு அட்டைகளும் காலம் பார்த்து வாங்குதல்பற்றியும் ஓர் உண்மையைப் புலப்படுத்துவன. இரண்டாண்டு பொறுத்தார் அதே வேகத்தைப் பாதி விலையில் பெறத்தக்கவராயினர். எனினும் அறிவித்த விலை வேறு, அங்காடி விலை வேறு. 2020 இன் இறுதி தொடக்கம் 2022 வரை உற்பத்தித் தட்டுப்பாட்டினாலும், மறைகுறி நாணயங்களை ஈட்டுவோர் அட்டைகளைத் திரளாக வாங்கியமையாலும் அவ்விலைக்கு அவை கிடைத்தல் அரிதாயிற்று. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்னும் நாணயம் அம்முறையைக் கைவிட்டது; அவ்வாண்டிலேயே விலைகளும் பெரிதும் இறங்கின. ஆதலின் புதிய வரிசையொன்று வெளிவரும் தறுவாயில் பொறுத்தலும், விலை கொதிக்குங் காலத்தில் உள்ளதைக்கொண்டு அமைதலும் அறிவுடைமையாம்.

அமைதற்குத் துணையாவன சில உள. சிறிய அளவில் படத்தை ஆக்கிப் பின்னர் பெரிதாக்கித் திரையில் காட்டும் முறை அவற்றுள் ஒன்று. ஏ.எம்.டி. நிறுவனம் 2021 யூனில் வெளியிட்ட எப்.எஸ்.ஆர். என்னும் அத்தகைய முறை, போட்டி நிறுவனத்தின் பழைய அட்டைகளிலும் இயங்கியது. நிழல், பிரதிபலிப்பு முதலியவற்றின் தரத்தை ஒவ்வொரு படி குறைத்தல் மற்றொரு வழி.

இனி, மாற்றத்தால் வரும் பயனையும் அளந்தறிதல் வேண்டும். செக்கனுக்கு 30 படங்களிலிருந்து 60 படங்களுக்கு உயரின், ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிசெக்கன் மீதமாகும். அவ்வேறுபாடு எவர்க்கும் புலப்படும். 120 இலிருந்து 144 க்கு உயரின் மீதமாவது 1.4 மில்லிசெக்கனே. திரை செக்கனுக்கு 60 முறையே புதுப்பிப்பதாயின், 60 க்கு மேற்பட்ட படங்கள் அத்திரையில் முழுமையாகத் தோன்றுவதுமில்லை. செலவையும் முழுதாய் எண்ணுதல் வேண்டும். 120 வாற்று அட்டையை நீக்கி 220 வாற்று கொள்ளும் 3070 ஐப் பொருத்துவார், மின்வழங்கியையும் மாற்ற நேரலாம். அட்டையின் நீளம் கணினிப் பெட்டியுள் அடங்காமையும் உண்டு. பழைய அட்டையை விற்றுப் பெறும் பணம் இச்செலவிற் கழிக்கத்தக்கது.

ஆகவே மாற்றுதற்குரிய காலம் நான்கு நிபந்தனைகள் ஒருங்கு கூடுங் காலம் எனத் துணியலாம். விளையாட விரும்பும் விளையாட்டு ஒன்று ஓடாமலோ தளர்ந்தோ இருத்தல். அதற்குக் காரணம் அட்டையே எனச் சோதனையாற் தெளிதல். அமைப்புக்களைக் குறைத்தும் குறை தீராமை. கைப்பொருளுக்கு அடங்கிய விலையில் கண்ணுக்குப் புலனாகும் உயர்வு கிடைத்தல். இவற்றுள் ஒன்று குறையினும் பொறுத்தலே நன்று. புதியது வெளிவந்தது என்னுஞ் செய்தி விற்பாரின் தேவையை அறிவிப்பது. வாங்குவாரின் தேவையை அறிவிப்பது அவர்தம் திரையே.