கஞ்சித்தொட்டியில் தொலைந்த பெயர்

தாது வருஷப் பஞ்சத்தில் பட்டணம் வந்த குடும்பம் என்று சொல்லிக்கொள்பவர்கள் கோடம்பாக்கத்தில் இன்றும் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். என் பாட்டிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவளுடைய பாட்டி சிறுபிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள், கஞ்சித்தொட்டியில் கஞ்சி குடித்துப் பிழைத்தாள், தாய் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். அந்தத் தாயின் பெயர் என்ன என்று கேட்டால் பாட்டி பேசமாட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தாது வருஷம் என்பது 1876. பருவமழை பொய்த்து, 1878 வரை நீண்ட பஞ்சம். 1876-ன் கடைசியிலேயே ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் பட்டணம் நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். கடற்கரையில் கப்பலிலிருந்து இறக்கிய தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. மூட்டைகளிலிருந்து சிந்திய மணிகளைப் பெண்களும் பிள்ளைகளும் மண்ணோடு சேர்த்துப் பொறுக்கினார்கள். தானியம் இல்லாத பஞ்சமல்ல அது. வாங்கக் காசில்லாத பஞ்சம்.

கல்கத்தா சர்க்கார் அனுப்பி வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் செலவைக் குறைக்கச் சொன்னார். நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று 1877-ல் கூலி வகுத்தார். அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தைத் தின்று மண்வெட்ட வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர்.கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார்; இந்த அளவில் உடல் தேயும், ஆள் சாவான் என்றார். 1871-ல் மாகாணத்தில் எடுத்த முதல் பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். அந்தக் கணக்கில் பட்டணத்தின் ஜனத்தொகை நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் குறைந்தார்கள் என்று இரண்டையும் கண்ட மனிதர்.

கஞ்சித்தொட்டி என்று பாட்டி சொன்னது வடசென்னையின் மணியக்காரர் சத்திரம். 1780களின் தொடக்கத்தில், ஹைதர் அலியோடு நடந்த யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து ஜனங்களைக் கோட்டைப் பக்கம் துரத்தியபோது, கஞ்சி ஊற்ற எழுந்த இடம் அது. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி சர்ஜன் ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலை தொடங்கினார். பின்னர் சத்திரமும் வைத்தியசாலையும் ஒன்றாயின. பசித்தவனுக்குக் கஞ்சி, நோய்ப்பட்டவனுக்குப் படுக்கை, இரண்டும் ஒரே வாசலில். அந்த வைத்தியசாலை வளர்ந்துதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதன் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு கவர்னரின் பெயரைச் சூட்டினார்கள். வடசென்னைப் பெரியவர்கள் மட்டும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதை விடவில்லை. சத்திரமும் போய்விடவில்லை, ஆதரவற்ற முதியோர் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

பெயரைத் தேட வேண்டும் என்று தோன்றினால் கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் போதும். நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே 1909-ல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கம்பெனிக் காலத்திலிருந்து ராஜாங்கம் எழுதிய காகிதமெல்லாம் அங்கே கட்டுக்கட்டாக இருக்கிறது. பஞ்ச காலத்து நடவடிக்கைக் குறிப்புகளைத் திறந்தால் பத்தி பத்தியாகக் கோடு போட்ட பட்டியல்கள். நிவாரண முகாமின் பெயர், தேதி, ஆண்கள், பெண்கள், குழந்தைகள், மொத்தம், அன்றைய செலவு, இறந்தவர்கள். பைசா சுத்தமான கணக்கு. நம் கொள்ளுப்பாட்டிகள் "பெண்கள்" என்ற பத்தியில் ஓர் எண்ணுக்குள் இருக்கிறார்கள். மறுநாள் வரிசையில் அந்த எண் ஒன்று குறைந்திருக்கும். குறைந்தது யார் என்று அந்தப் பக்கம் சொல்லாது.

நிலம் இருந்தவன் நிலை வேறு. அன்றைய கோடம்பாக்கம் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்த கிராமம். பட்டணத்துக்கும் அதற்கும் இடையே நீண்ட ஏரி கிடந்தது. அதைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. அந்த ஏரிப் பாசனத்தில் கால் காணி வைத்திருந்தவனுக்குக்கூட அடங்கலில் பெயர் உண்டு, இனாம் நிலமென்றால் இனாம் ரெஜிஸ்டரிலும் உண்டு. அவன் வயலில் நாற்று நட்டவளுக்கு எதிலும் இல்லை.

இங்கிலாந்தில் ஏழையின் வம்சம் இப்படித் திண்டாடுவதில்லை. 1834-ல் வந்த ஏழைகள் சட்டம் கொடுமையான சட்டம்தான். உதவி வேண்டுமென்றால் ஒர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதிக்குள் வா என்றது. புருஷனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம், பிள்ளைகளை வேறு பக்கம் பிரித்தது. ஆனாலும் வாசலில் ஒரு பதிவேடு இருந்தது: பெயர், வயது, தொழில், மதம், உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, இறந்திருந்தால் அதுவும். கூடவே 1841 முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் வீடு வாரியாகப் பெயர்கள். நூறு ஆண்டு கழிந்ததும் அவற்றைப் பொதுமக்கள் பார்க்கலாம். 1921 கணக்கெடுப்பு 2022-ல் அப்படித் திறக்கப்பட்டது. நம் கணக்கெடுப்பில் கூட்டிப் பெருக்கி முடித்ததும் பெயர் எழுதிய சீட்டுகளை அழித்துவிட்டார்கள். எஞ்சியது தொகை.

சினிமாவில் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு சார்லி சாப்ளினைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1890களில், தாய்க்கு உடம்பும் மனமும் சரியில்லாமல் போய் அவரும் அண்ணனும் ஒர்க்ஹவுஸில் சேர்ந்தார்கள். லண்டன் ஆவணங்களில் அந்தப் பதிவு இருக்கிறது. உலகமே அறிந்த ஒரு கலைஞனின் பசியை இன்றைக்கும் ஒருவர் தேதியோடு படிக்கலாம். அவர்கள் இருந்த லேம்பெத் ஒர்க்ஹவுஸ் கட்டடத்தின் ஒரு பகுதி இப்போது சினிமா அருங்காட்சியகம்.

நம் பக்கத்து ஏழைக்கும் ஓர் இடத்தில் பெயர் எழுதினார்கள். கப்பலில்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அந்தக் கப்பல் பட்டியலில் ஒரு வரியைப் பாருங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் அங்க அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம், மார்பில் பச்சை குத்தியது. மொரிஷியஸில் அதற்கும் மேலே போய்ப் புகைப்படமே எடுத்தார்கள். மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் படங்களும் பதிவேடுகளும் இருக்கின்றன. கஞ்சிக்கு வந்தவனைத் தலை எண்ணினால் போதும். கரும்புத் தோட்டத்துக்கு விற்ற உழைப்பு ஓடிப்போனால் பிடித்துவர வேண்டுமே, அதற்குத் தழும்பு வரைக்கும் தெரிய வேண்டும். அன்பினால் எழுதிய வரி இல்லை. இருந்தும், டர்பனிலிருந்து நாயுடு, மூட்லி, கோவெண்டர் என்ற பெயர்களோடு வரும் பேரப்பிள்ளைகள் அந்த வரியைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, செங்கல்பட்டிலும் வட ஆற்காட்டிலும் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கடல் தாண்டியவனுக்குத் தகப்பன் பெயர் கிடைக்கிறது. ஊரிலேயே செத்தவளுக்கு அவள் பெயரே கிடைக்கவில்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

தாது வருஷத்தில் இந்தப் பக்கத்திலும் படம் எடுத்தார்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் உலகம் முழுக்கத் தெரியும். விலா எலும்பு தெரிகிறது, குழந்தையின் வயிறு தெரிகிறது, பெயர் தெரியாது. கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய வலி. 1940களின் பிற்பாதியிலிருந்து ஏவி.எம்., வாஹினி, பரணி என்று ஸ்டூடியோக்கள் வந்தபோது ரயிலேறி வந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர். கூட்டத்தில் நின்ற துணை நடிகை இன்றும் திரையில் திரும்பிப் பார்க்கிறாள். டைட்டில் கார்டில் அவள் இல்லை. பேட்டாவை எண்ணிக் கொடுத்த கணக்குப் பிள்ளையின் நோட்டில் ஒருவேளை இருந்திருப்பாள். ஸ்டூடியோ போய் அடுக்குமாடி வந்தபோது நோட்டும் போயிற்று.

பெயரில்லாமல் போன உழைப்பு பட்டணத்தில் இன்னொன்றும் உண்டு. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயை 1877-78ல் பஞ்சக் கூலிகள்தான் வெட்டினார்கள். எட்டு கிலோமீட்டர். அதற்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வந்தது. இப்போது மயிலாப்பூர்ப் பக்கம் அதன் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

இன்றைக்கு ஏழையின் பெயர் எழுதாத இடமே இல்லை. ஸ்மார்ட் ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை, ஓபி சீட்டு. பிறப்பையும் இறப்பையும் மாநகராட்சியின் இணையதளத்தில் தேடி எடுக்கலாம். குடிசை போய் வாரியக் குடியிருப்பு வந்தது. ஆற்றோரம் இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள், அதற்கும் ஒதுக்கீட்டு ஆணை உண்டு. ஆனால் இவையெல்லாம் தகுதி பார்க்க எழுதியவை. தகுதி தீர்ந்ததும் கார்டு ரத்தாகும். மருத்துவமனை ஏடுகளைக் குறித்த காலம் கழிந்ததும் கழித்துவிடுவார்கள். நூறு ஆண்டு கழித்து ஒரு பேத்தி வந்து கேட்பாள் என்ற எண்ணம் எந்த மேசையிலும் இல்லை.

மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகங்களில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பெயர், வயது, சொந்த ஊர், வந்த நாள். நடைபாதையிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள், நினைவு தப்பியவர்கள், பிள்ளைகள் கைவிட்ட தாய்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். கஞ்சித்தொட்டிப் பட்டியலில் இல்லாத அந்தப் பெயர்ப் பத்தி இதில் இருக்கிறது. நோட்டு நிரம்பியதும் பழைய பேப்பர் கடைக்குப் போகக்கூடாது. எழும்பூருக்குப் போக வேண்டும். உயிரோடிருப்பவர்களின் மானம் கருதி நூறு ஆண்டு பூட்டி வைக்கட்டும், பிறகு திறக்கட்டும். சத்திரத்திலும் ஆஸ்பத்திரியிலும் பழைய ஏடு ஒன்று அகப்பட்டாலும் அதற்கும் இதையே செய்ய வேண்டும். அரசாணை ஒன்று போட்டால் முடிகிற காரியம் இது.