வக்கீலா, தத்துவமா? ஒரு வருடம்தான் வித்தியாசம்!

"வக்கீலுக்கு படி, நாலு காசு பார்க்கலாம்" என்கிறார் அப்பா. "தத்துவம்தான் படிப்பேன்" என்று அடம் பிடிக்கிறது பிள்ளை. பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் சில வீடுகளில் இந்த பஞ்சாயத்து நடக்கும். சண்டையே வேண்டாம். கணக்கை பாருங்கள்.

பிளஸ்-2 முடித்து நேராக சட்டக்கல்லூரியில் சேர்ந்தால் 5 வருடம். தத்துவத்தில் பி.ஏ. படிக்க 3 வருடம், அதன்பிறகு எல்.எல்.பி. 3 வருடம். ஆக 6 வருடம். ஒரு வருடம்தான் கூடுதல்.

வீட்டில் கஷ்டம் வந்து 5 வருட படிப்பை பாதியில் விட்டால், பொதுவாக கையில் பட்டம் இருக்காது. தத்துவம் படித்தவர் 3 வருடத்திலேயே பட்டதாரி. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2 தேர்வும் எழுதலாம்.

மார்க்கில் மட்டும் கோட்டை விடக்கூடாது. 3 வருட சட்டப்படிப்பில் சேர, பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினர் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் 40 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும்.

சட்டம் முடித்ததும் பணம் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் பாஸாக வேண்டும். பிறகு சீனியரிடம் சில வருடம் குறைந்த வருமானத்தில் தொழில் பழக வேண்டும்.

1962-ல் ஜனாதிபதியான ராதாகிருஷ்ணன் படித்ததும் தத்துவம்தான். ஆகவே பிள்ளை கேட்டால் பயப்படாதீங்க. வக்கீல் கோட்டு அப்புறமும் போடலாம்!