எட்டு மதிப்பெண் வாங்கினால் மார்ஃபின்

பிறந்த அன்று எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருக்கும். தாய் ஹெராயின் எடுத்தவர் என்றால் ஒரு நாளுக்குள், சிகிச்சைக்காக மெத்தடோன் எடுத்தவர் என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து ஆரம்பிக்கும். கீச்சென்று ஒரு அழுகை; பசி அழுகை அல்ல. கைகால் வெடவெடக்கும். அடுக்கடுக்காகத் தும்மல், கொட்டாவி. தன் கையையே வெறியோடு சப்பும், மார்பில் போட்டால் குடிக்க முடியாமல் திணறும். தண்ணீராகப் போய்ப் போய் அடிப்பக்கம் புண்ணாகிவிடும்.

வலி மாத்திரைகள் அமெரிக்காவின் சுரங்க ஊர்களுக்குள் நுழைந்ததைப் போன வாரம் பார்த்தோம். கர்ப்பிணிகள் விழுங்கியது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போனது. கொடியை அறுத்ததும் வரத்து நின்றுவிடுகிறது, உடம்பு அதைத் தேடித் தவிக்கிறது. அங்குள்ள பத்திரிகைகள் இவர்களைப் 'போதை அடிமைக் குழந்தைகள்' என்று எழுதின. அபத்தம். எதற்கும் ஆசைப்படாத பிள்ளை எப்படி அடிமையாகும்?

1975இல் பிலடெல்ஃபியாவின் குழந்தை மருத்துவர் லொரெட்டா ஃபின்னகன் இந்த அறிகுறிகளை அட்டவணையாக்கினார். அழுகைக்கு இத்தனை, நடுக்கத்துக்கு இத்தனை, தும்மலுக்கு ஒன்று. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் கூட்டிப் பார்ப்பார். தொடர்ந்து மூன்று தடவை எட்டோ அதற்கு மேலோ வந்தால் மருந்து, பெரும்பாலும் வாயில் சொட்டும் மார்ஃபின். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வாரக்கணக்காகும். ஆளாளுக்கு ஒரு கணிப்பு இருந்த காலத்தில் அது பெரிய உதவிதான். ஆனால், அரும்பாடுபட்டுத் தூங்க வைத்த பிள்ளையைத் துணி விலக்கி, கைகாலை அசைத்து மதிப்பெண் போட்டால் எந்தப் பிள்ளைதான் வீறிடாது? தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிச்சமும் அலாரச் சத்தமும் வேறு. தாயோ வெளியே, பார்வை நேரத்துக்குக் காத்திருந்தார்.

யேல் நியூ ஹேவன் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் மேத்யூ கிராஸ்மன் குழுவினர் இந்த முறையைத் தலைகீழாக்கினார்கள். மூன்றே கேள்விகள்: ஒரு வேளைக்கு 30 மில்லியாவது குடிக்கிறதா? ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? அழுதால் பத்து நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? மூன்றும் சரியென்றால் நடுக்கம் இருந்தாலும் விட்டுவிடலாம். தாயும் பிள்ளையும் ஒரே அறையில். விளக்கு மங்கல், டிவி கிடையாது. துணியில் இறுகச் சுற்றுவது, வெறும் மார்பில் போட்டுக்கொள்வது, கேட்கும்போதெல்லாம் பால். மெத்தடோன் சிகிச்சையில் நிலையாக இருக்கும் தாய் பால் கொடுக்கலாம், வேறு மருத்துவத் தடை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தாய் பக்கத்தில் இருப்பதையே மருந்தாக எண்ணினார்கள். அது போதாதபோதுதான் மார்ஃபின்.

பிள்ளைகள் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் சராசரியாக 22.4இலிருந்து 5.9 ஆயின. மார்ஃபின் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 98இலிருந்து 14. ஒரே மருத்துவமனையின் கணக்கு என்று சந்தேகித்தவர்களுக்கு 2023இல் 26 மருத்துவமனைகளின் ஆய்வு வந்தது: வீட்டுக்கு அனுப்பும் நிலைக்கு வர, பழைய முறையில் 14.9 நாள், புதிய முறையில் 8.2.

ஆனால் தாய் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால், அவர் பயமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். டென்னசி மாநிலம் 2014இல், கர்ப்பத்தில் போதைப்பொருள் எடுத்துப் பிள்ளைக்குப் பாதிப்பு வந்தால் தாய்மீது வழக்குப் போடும் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு வருடத்தில் அது காலாவதியானது நல்லதே. கர்ப்பத்தில் சட்டென்று நிறுத்தச் சொல்வதும் தீர்வல்ல. நிறுத்தியவர்கள் பெரும்பாலும் திரும்ப விழுகிறார்கள். அதனால்தான் மருத்துவர்கள் மெத்தடோனோ பியூப்ரெநார்ஃபினோ கொடுத்துச் சீராக வைக்கிறார்கள். அதனால் பிள்ளை நடுங்கலாம் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள்.

பிள்ளை ஆறாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம். தாயின் கதை வேறு. மாசச்சூசெட்ஸில் எடுத்த கணக்கின்படி, இந்தப் பெண்கள் அளவுமீறி எடுத்து ஆபத்துக்குள்ளாவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் மிகக் குறைவு. மிக அதிகம், பிரசவமாகி ஏழாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குள். கர்ப்பிணி என்பதற்காக அரசு தந்த மெடிக்கெய்ட் காப்பீடோ பல மாநிலங்களில் நெடுங்காலம் பிரசவத்துக்குப் பின் 60 நாளோடு முடிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)