உம்மையும் கணிப்பொறியும்

‘கட்டணம் செலுத்தியோரும் உதவித்தொகை பெறுவோரும் தேர்வு எழுதலாம்.’ இவ்வறிவிப்பைச் ‘சி’ மொழியில் நிரலாக எழுத முனைந்தால், ‘உம்’மைக் கண்டதும் && என்னும் ‘மற்றும்’ குறியை இடவே கை போகும். அக்குறியோ, இரு நிபந்தனைகளும் ஒருவரிடமே பொருந்தினால்தான் ‘உண்மை’ எனும். உதவித்தொகையை மட்டுமே நம்பிப் படிக்கும் என் போன்ற முதல் தலைமுறை மாணவர் தேர்வுக்கூடத்துக்கு வெளியே நிற்க நேரும்! ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும் என்பதே அறிவிப்பின் கருத்து. அதற்குரியது || என்னும் ‘அல்லது’ குறி. வருகைப்பதிவும் வேண்டுமெனில், ‘அல்லது’ வரும் பகுதியை அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும்; இல்லையேல் && முந்திக்கொள்ளும்.

இத்தருக்க இயற்கணிதத்தை 1854இல் நூலாக விரித்த ஜார்ஜ் பூலும் செருப்புத் தைப்பவரின் மகனே. கல்லூரியில் படிக்காமலே 1849இல் பேராசிரியரானவர். நண்பர்களே, குறியை இடுமுன், ‘ஒன்று மட்டும் உள்ளவர் எழுதலாமா?’ என்று கேட்டுக்கொள்வோம்.