தெரிந்த ஓர் அளவும் தெரியாத பல அளவுகளும்

அணைக்கட்டு வட்டாரத்தைச் சேர்ந்த நமது சங்க அங்கத்தினர்களாகிய சகோதரர் இருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு புலப்பட நகலுடன் வந்து மிக்க வருத்தத்தோடு முறையிட்டனர். பட்டாவில் அவர்கள் நிலம் சுமார் 1 ஏக்கர் 60 சென்ட் எனக் கண்டிருந்தது. நகலை அளவுகோலால் அளந்து கணக்கிட்டபொழுதோ 80 சென்ட்தான் தேறிற்று. மறுபாதியை அடுத்த நிலத்துக்காரர் வளைத்துக்கொண்டார் எனத் துணிந்து, நகைக் கடன் பெற்று வழக்காடும் எண்ணத்துடனேயே அவர்கள் வந்திருந்தனர். அவர்களுக்கு நாம் அளித்த விளக்கம் பிறருக்கும் பயன்படுமாதலின் இங்கு எழுதுகிறோம்.

இரண்டு முக்கோணங்களின் கோணங்கள் ஒத்திருந்தால், அவற்றின் வடிவமும் ஒத்திருக்கும். பக்கங்கள் யாவும் ஒரே விகிதத்தில் அமையும். இவற்றை வடிவொத்த முக்கோணங்கள் என்பர். சமதரையில் 4 அடிக் கோல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் 3 அடி என்று கொள்வோம். அதே வேளையில் அருகிலுள்ள தென்னையின் நிழல் 36 அடியாயின், மரத்தின் நிழல் கோலின் நிழலைப்போல் 12 மடங்கு. ஆகவே மரத்தின் உயரமும் கோலைப்போல் 12 மடங்கு, அதாவது 48 அடி. மரம் ஏறாமலே உயரம் தெரிந்துவிட்டது. ஆயினும் கோலின் அளவு பிழையானால் மரத்தின் அளவும் பிழையே.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் வில்லியம் லாம்டன். அவர் 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே, சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக்கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் பல வாரங்கள் பொறுமையுடன் அளந்தார். பின்னர் அதன்மீது முக்கோணம் அமைத்து, கோணங்களை மட்டும் அளந்து, ஏனைய பக்கங்களைக் கணக்கினால் கண்டார். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வளர்ந்த அவ்வேலையே நாடு முழுவதற்குமான பெரு நில அளவையாயிற்று. ஒரு கோடு தவறினால் அனைத்தும் தவறும் என்பதாலன்றோ அதற்கு அத்துணைக் கவனம்!

இனி, சகோதரர்களின் படத்துக்கு வருவோம். அதில் அளவுத்திட்டம் 1:2000 என்றிருந்தது. அதாவது தாளில் 1 சென்டிமீட்டர், நிலத்தில் 20 மீட்டர். ஏறத்தாழ நீள்சதுரமான அந்நிலத்தின் நீண்ட பக்கத்தில் 100 மீட்டர் எனக் குறித்திருந்தது. எனவே தாளில் அது 5 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். நாம் அளந்தபொழுது மூன்றரையே இருந்தது! நகலெடுத்த இடத்தில் ஏ3 தாளிலிருந்த படத்தை ஏ4 தாளில் அடங்குமாறு சுருக்கியிருக்கின்றனர். படம் சுருங்கியது, 1:2000 என்ற எழுத்தோ மாறாமல் நின்றது.

நீளம் பத்தில் ஏழு பங்காயிற்று, அகலமும் அவ்வாறே. ஆகவே பரப்பு நூறில் 49 பங்கு, அதாவது ஏறக்குறைய பாதி. படத்தில் குறித்திருந்த 100 மீட்டரையும் 65 மீட்டரையும் பெருக்கினோம். 6,500 சதுர மீட்டர். ஒரு சென்ட் சுமார் 40.5 சதுர மீட்டராதலின், பட்டாவில் கண்ட 160 சென்ட் சரியாகவே வந்தது. காணாமற்போன 80 சென்ட்டைத் தின்றது அண்டை வீட்டாரல்லர்; நகல் இயந்திரமே.

நெசவாளர்களுக்கும் இதில் ஒரு பாடமுண்டு. கட்டத்தாளில் அகலம் 60 கட்டம், உயரம் 60 கட்டமாக ஒரு வட்டப் பூ வரைகிறோம். கட்டத்துக்கு ஓர் இழையாக, அங்குலத்துக்குப் பாவு 60 இழையும் ஊடை 48 இழையும் கொண்ட துணியில் அதை நெய்தால், அகலம் 1 அங்குலமும் உயரம் 1¼ அங்குலமுமாகி வட்டம் முட்டை வடிவாகிவிடும். இரு திசையிலும் ஒரே விகிதமிருந்தால்தான் வடிவம் ஒத்திருக்கும்.

எனவே அங்கத்தினர்கள் எந்தப் படத்தையும் அளக்குமுன், அதில் எழுதப்பட்ட ஒரு நீளத்தைத் தாளின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒவ்வாவிடில் அளவுகோலை ஒதுக்கி, எழுதியுள்ள எண்களையே கொள்க. பின்னும் ஐயமிருப்பின் மனுச்செய்து நில அளவரைக்கொண்டு அளப்பதே முறை. அச்சகோதரர்கள் நகையை அடகு வைக்காமலே வீடு திரும்பினர். அண்டை நிலத்தாருடன் கொண்ட நட்பும் கெடாது நின்றது.