சடுகுடுத் திடலில் நியூட்டன்



மரக்காணத்து உப்பளங்களில் வெயில் தாழ்ந்து வேலை ஓய்ந்ததும், அருகிலுள்ள திடலில் இளைஞர்கள் கோடு கிழித்துச் சடுகுடு ஆடத் தொடங்குவர். 1990ஆம் ஆண்டு பீகிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி என்னும் பெயரோடு இடம்பெற்ற ஆட்டந்தான் இது. பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மாலைதோறும் நான் அங்கே போய் நிற்பதுண்டு. நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவனுக்கு அத்திடல் ஒரு சோதனைச்சாலையாகவே தோன்றுகிறது.

ஒரு நாள், எழுபது கிலோ எடையிருக்கக்கூடிய ஒருவன் பாடி வந்தான். ஐம்பது கிலோகூட இராத சிறுவன் ஒருவன் தனியாகவே அவனைப் பிடித்து வீழ்த்திவிட்டான். சூழ நின்றவர்கள் "பயல் மாயக்காரன்!" என்றார்கள். மாயம் ஒன்றுமில்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஓடுகின்ற பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். நியூட்டன் 1687இல் வெளியிட்ட பெருநூலில் இயக்க விதிகளை இதைக் கொண்டே வகுத்தார். எழுபது கிலோ ஆள் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கித் திரும்பி ஓடுகிறான் என்போம். அவன் உந்தம் 350. ஐம்பது கிலோ சிறுவன் நின்ற இடத்திலேயே அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? இருவரும் சேர்ந்து 120 கிலோ. 350ஐ 120ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3. அதாவது, சிறுவனையும் இழுத்துக்கொண்டு அவன் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பான். பாடிச் செல்பவன் தாண்டியே ஆகவேண்டிய கோடு, ஆடவர் ஆட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவு. காலூன்றித் தடுக்காவிட்டால் ஒன்றேகால் வினாடியில் ஆட்டம் கைநழுவும். இன்னொருவனும் சேர்ந்து பிடித்தால் வேகம் 2 மீட்டராகக் குறையும். கைகோத்துச் சங்கிலியாக நிற்பது அழகுக்காக அன்று.

ஆனால் நம் சிறுவன் இடுப்பைப் பிடிக்கவில்லை, கணுக்காலைப் பிடித்தான். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ தொப்புள் உயரத்தில் இருக்கிறது. பாதம் நின்றுவிட, மேலுடல் முன்போலவே விரைந்தால், உடல் கணுக்காலைச் சுற்றிக் கவிழாமல் வேறென்ன செய்யும்? பெரியவனை நிறுத்தியது சிறுவன் அல்லன், பூமி!

அவன் குனிந்து, காலை அகட்டி நின்ற நிலையையும் நோக்கவேண்டும். வழுக்கும் பாத்தி வரப்பின்மேல் தலையில் உப்புக் கூடையோடு நடப்பவர்களைப் பாருங்கள். சுமை ஈர்ப்பு மையத்தை மேலேற்றிவிடுவதால், முழங்காலைச் சற்றே மடக்கிக் குட்டை அடியாக வைப்பார்கள். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லிக்கொடுக்காத பாடம்.

அமெரிக்காவில் ஒரு கால்பந்தாட்டம் உண்டு. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தியே ஓடுகிறார்கள். அங்கே நூற்று முப்பது கிலோ ஆட்களும் தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து மோதுகிறார்கள். அவர்களிடமும் பந்தோடு ஓடுபவனைத் தாழப் பிடிக்கும் முறை உண்டு. நம்மவருக்கோ கவசம் இல்லை.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு நாள் காலை வகுப்பில் உந்தத்தை விளக்கினேன். மாலை ஆட்டத்தில் என் மாணவன் ஒருவன் கணுக்காற்பிடியில் அகப்பட்டு, கையை விறைப்பாக நீட்டியபடி விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. அந்த ஆண்டுத் தேர்வை அவன் இடக்கையால் எழுதினான். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிய நான், அதில் காலம் என்று ஒன்று இருப்பதைத் திடலில் சொல்லவில்லை.

உந்தத்தின் மாற்றத்தை, அதற்காகும் காலத்தால் வகுத்தால் வருவது விசை. அதே 350ஐ அரை வினாடியில் இழந்தால் சராசரி விசை 700 நியூட்டன். கிட்டத்தட்ட அவனுடைய சொந்த எடையே. பத்தில் ஒரு வினாடியில் இழந்தால் 3,500 நியூட்டன். ஐந்து ஆள் எடை! விறைத்த கை காலத்தைச் சுருக்குகிறது. முழங்கையை மடக்கி, தோளைச் சுருட்டி உருள்பவனுக்குக் காலம் நீள்கிறது. தாங்கும் பரப்பும் அகல்கிறது. உலர்ந்த மணலும் இப்படியே உதவும். மிதித்து இறுக்கிய களிமண் தரை உதவாது. போட்டிகளில் இப்போது விரிக்கும் மெத்தை விரிப்பு வீழ்ச்சியைத் தணிக்கும். ஆயினும் உராய்வு மிகுந்த விரிப்பில் பாதம் பற்றி நிற்க, உடல் மட்டும் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

ஆகவே, கோடு கிழிப்பதற்கு முன் பத்து நிமிடம் மணற்குவியலில் விழுந்து உருளும்படி இந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். கிழவருக்கு வேறு வேலையில்லை என்று முதலில் சிரித்தார்கள். இப்போதெல்லாம் நான் திடலை அடையும்போதே, மணல் நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று அந்தச் சிறுவன் காலால் கிளறிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.