துரு நோயின் பெயர் தாங்கிய கணிப்பொறி மொழி

கணிப்பொறியின் அடிப்படைப் பணிகளை ஆளும் நிரல்களை எழுதுவதற்கு, 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' மொழியே பெரிதும் கையாளப்பட்டு வந்துள்ளது. அது வேகம் மிக்கது. ஆயினும், யந்திரத்தின் நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும் விடுவிப்பதும் அதில் எழுதுபவரின் பொறுப்பேயாகும். அவர் சற்றே கவனம் தவறினால், விடுவித்த இடத்தை மீண்டும் தொடுதல், எல்லைக்கு அப்பால் படித்தல் முதலிய பிழைகள் நேரும். 2014-இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' பிழை இத்தகையதே. இரகசியங்களைக் காக்க வேண்டிய நிரலிலிருந்தே கடவுச்சொற்கள் கசியும் நிலை அதனால் ஏற்பட்டது.

இக்குறையை நீக்கும் பொருட்டு, கானடா நாட்டு நிபுணர் கிரேடன் ஹோர் 2006-இல் சொந்த முயற்சியாகத் தொடங்கிய பரிசோதனை மொழியே 'ரஸ்ட்'. 2009-இல் மோசில்லா நிறுவனம் இதற்கு ஆதரவளித்தது. முதல் நிலையான பதிப்பு 2015 மே மாதத்தில் வெளிவந்தது. கோதுமை முதலிய பயிர்களைத் தாக்கும் துருப் பூஞ்சைகளின் பெயரே இம்மொழிக்கு இடப்பட்டது. எவ்வாறேனும் பிழைத்திருக்கும் அவற்றின் ஆற்றல் அவரைக் கவர்ந்தது.

இம்மொழியின் உயிர்நாடி 'உடைமை விதி' ஆகும். பள்ளிப் பதிவேடு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அதற்கு உடையவர் ஒருவரே. பார்வையிட மட்டுமாயின் பலர் ஒரே சமயத்தில் அதனை இரவல் பெறலாம். திருத்துவதாயின் ஒருவர்தாம் பெறலாம். அவ்வேளையில் பிறர் அதைப் பார்வையிடவும் இயலாது. உடையவரின் பணி முடிந்ததும் பதிவேடு அகற்றப்படும். அதன்பின் இரவல் செல்லாது. இவ்விதிகளை மீறும் நிரலைத் தொகுப்பி ஏற்பதில்லை. சோதனை முன்னரே முடிந்துவிடுவதால், நிரல் இயங்கும்போது வேகம் குறைவதில்லை.

படிப்படியாக ஆணையிடும் முறை, சார்புகளைக் கோத்துக் கணக்கிடும் முறை, பல பணிகளை உடனிகழ்வாக நடத்தும் முறை ஆகிய யாவும் இதில் இடம்பெறுகின்றன.

இதன் பயன் கண்கூடானது. புதிய பகுதிகளை இத்தகைய மொழிகளில் எழுதத் தலைப்பட்டபின், ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு, 2019-இல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்ததாகக் கூகுள் அறிவித்தது. 2022 டிசம்பரில் லினக்ஸ் கருவகமும் இதற்கு இடமளித்தது.

எனினும், தொகுப்பியால் சோதிக்க இயலாத செயல்களும் உண்டு. அவற்றைத் தனியே குறியிட்டு எழுதுதல் வேண்டும். அங்கே பொறுப்பு மீண்டும் மனிதரையே சாரும். கற்பதற்கும் இம்மொழி எளிதன்று. ஆயினும், எழுதும் நிலையிலேயே தவறு சுட்டப்படுவதால், மாணவர் பின்னர் படும் துன்பம் பெரிதும் குறைகிறது.